நிம்மதி பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் தபால் ஆபீஸ் கவுண்டரில் வெகுகாலம் உட்கார்ந்திருந்தவள் நான். பாஸ்புக்கில் வரவு வைத்துக் கொடுப்பதற்குள் குடும்பக் கதை முழுவதையும் சொல்லி முடிக்கிறவர்கள் உண்டு. ரிட்டயர் ஆன பிறகும் அது நிற்கவில்லை. கவுண்டர் போய்த் திண்ணை வந்தது, அவ்வளவுதான். ஆள் மாறினாலும் கேள்வி பெரும்பாலும் மாறுவதில்லை என்பதால், கேட்டவர்கள் பேச்சிலேயே கேள்விகளை எழுதி, நான் சொல்லிவரும் பதிலையும் சேர்த்திருக்கிறேன். நான் டாக்டரும் இல்லை, சாமியாரும் இல்லை. யார் என்று அடையாளம் தெரியும் விவரங்களை எடுத்துவிட்டேன்.

நிம்மதின்னா என்னதுக்கா? கவலையே இல்லாம இருக்கதா?

அப்படிப் பார்த்தால் கைக்குழந்தையைத் தவிர யாருக்கும் நிம்மதி கிடையாது. அதுவும் பசிக்கிற வரைக்கும்தான். நான் பார்க்கிற அளவு வேறு. படுத்தால் தூக்கம் வருகிறதா? தட்டில் வைத்த சோறு இறங்குகிறதா? பிள்ளை ஒன்றையே இரண்டாம் தடவை கேட்டால் எரிந்து விழாமல் பதில் சொல்ல முடிகிறதா? இந்த மூன்றும் இருந்தால், கடன் கழுத்து வரை இருந்தாலும் அந்த ஆள் ஓரளவு நிம்மதியாகத்தான் இருக்கிறார் என்பேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், கீழே பல பதில்களில் இது வரும். மனசு சரியில்லை என்றால் உடனே மனசைத்தான் சரிபண்ணப் பார்க்கிறோம். நான் கேட்ட கதைகளில் முக்கால்வாசிக்கு ஏற்பாடு சரியில்லாததுதான் காரணம். யார் எதைச் செய்வது, பணம் எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் முடிவாகாமல் கிடந்தால் ராத்திரி அவைதான் வந்து எழுப்பும். ஏற்பாட்டைச் சரிசெய்த பிறகும் மிச்சம் இருந்தால் அது வேறு வகை. அதைப் பற்றியும் பின்னால் வருகிறது.

தியானம் பண்ணச் சொல்லுதாங்க. கண்ண மூடுனா தூக்கம்தான் வருது. தப்பாப் பண்ணுதேனா?

ஒரு தப்பும் இல்லை. தூக்கம் பாக்கி இருக்கிற உடம்பு உட்கார்ந்தால் தூங்கத்தான் செய்யும். முதலில் அந்தப் பாக்கியைத் தீருங்கள். தியானம் பலருக்கு நல்லது செய்கிறது. பிடித்தால் செய்யுங்கள், பிடிக்காவிட்டால் அதையும் ஒரு கடமையாக்கி அதற்கும் சேர்த்து வருத்தப்பட வேண்டாம்.

தாமிரபரணிக் கரையில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஆற்றுக் குளிப்பு. கழுத்தளவுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் சும்மா நின்றால் மூச்சு தானாக நிதானத்துக்கு வந்துவிடும். பாபநாசம் அணையில் தண்ணீர் கூடுதலாகத் திறந்திருக்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டு, பழகின படித்துறையில், துணைக்கு ஆளோடு இறங்குங்கள்.

ஆபீஸ் சோலி வீட்டுக்குள்ளயே வந்துருதுக்கா. ராத்திரி பத்து மணிக்கும் போன். என்ன செய்ய?

வீட்டில் இருந்தே வேலை என்பது 2020 கொரோனாவுக்குப் பிறகு வந்த புதுப் பழக்கம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கம் பீடி சுற்றுகிற பெண்களுக்குக் காலங்காலமாக அதுதான். எனக்குத் தெரிந்த ஒருவர் உண்டு. மடியில் சொளவு என்கிற முறம், பக்கத்தில் நனைத்த இலை, தூள், நூல். சாயந்திரம் கடையில் பீடியைக் கொடுத்துக் கணக்கு முடித்துவிட்டு வந்ததும் கத்தரியைத் துடைப்பார். சொளவின் மூலையில் ஒட்டியிருக்கிற தூளை விரலால் தட்டி எடுத்து டப்பாவில் போடுவார். இலை நறுக்கைக் கூட்டித் தள்ளிவிட்டு, சொளவைப் பரணில் ஏற்றுவார். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுவார். அதற்குப் பிறகு யார் வந்து என்ன சொன்னாலும் சொளவு கீழே இறங்காது. "இறக்குனா இன்னைக்கு நாள் முடியாதுக்கா" என்பார்.

உங்கள் லேப்டாப்புக்கும் ஒரு பரண் வேண்டும். வேலை முடிந்ததும் பையில் வைத்து, பையை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். மேலதிகாரியிடம் முகம் தூக்கிக்கொண்டு நிற்காமல், "எட்டு மணி வரை மெசேஜ் பார்ப்பேன், அதற்கு மேல் அவசரம் என்றால் கூப்பிடுங்கள்" என்று எழுதியே அனுப்புங்கள். கூப்பிட வேண்டும் என்றாலே பாதி அவசரம் காலையில் பார்த்துக்கொள்கிற வேலையாகிவிடும். ஆஸ்பத்திரி, மின்வாரியம், ரயில்வே மாதிரி வேலையில் இது நடக்காது. அங்கே முறை வைத்துக்கொள்வது ஒன்றுதான் வழி. இன்றைக்கு நீ, நாளைக்கு நான்.

சென்னையில மூச்சு முட்டுதுக்கா. வேலைய விட்டுட்டு ஊருக்கே வந்துரலாமா?

இதைக் கேட்கிறவர்களில் பாதிப் பேர் சாரல் சீசனில் வந்துவிட்டுப் போனவர்கள். ஜூன், ஜூலையில் குற்றாலத்தில் தண்ணீர் விழுந்து, தென்காசியில் இருந்து அம்பை வரைக்கும் காற்று குளிர்ந்து கிடக்கும். நாலு நாள் லீவில் வந்து, அம்மா கையால் சொதி சாப்பிட்டுவிட்டு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் யாருக்குத்தான் திரும்பிப் போக மனசு வரும்? சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டையில் ஒரு மாதம் இருந்து பாருங்கள். கல்யாணம், கோயில் கொடைத் திருவிழா எதுவும் இல்லாத மாதமாக இருக்கட்டும். அப்போதும் பிடித்திருந்தால் உங்களுக்கு வேண்டியது ஊர். இல்லையென்றால் வேண்டியது லீவு.

அடுத்து, மூச்சு முட்டுவது எதனால் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மேலதிகாரியா, வாடகையா, போக்குவரத்தா, தனிமையா? மேலதிகாரி என்றால் கம்பெனியை மாற்றினால் போதும். தனிமை என்றால் ஊர் கொஞ்சம் தீர்க்கும். முழுசாகத் தீர்க்காது, ஏனென்றால் உங்களோடு படித்தவர்கள் யாரும் இப்போது இங்கே இல்லை. அவர்களும் சென்னை, பெங்களூர், துபாய் என்று போய்விட்டார்கள். செலவுக் கணக்கிலும் ஜாக்கிரதை. வீட்டு வாடகை மிஞ்சும் என்பது சரி. காதுகுத்து மொய், சடங்கு வீட்டுச் சீர், கோயில் கொடை வரி என்று மறுபக்கம் ஏறும். உள்ளூரில் இருந்துகொண்டு போகாமல் இருக்க முடியாது.

வேலையோடு வருவதும் வேலையை விட்டுவிட்டு வருவதும் ஒன்றில்லை. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ கம்பெனி வந்த பிறகு சம்பளத்தோடு ஊர்ப்பக்கம் இருக்கிறவர்களைப் பார்க்கிறோம். அந்தத் தைரியத்தில் சம்பளமே இல்லாமல் வந்துவிட்டு, "ஏன்லே, இன்னும் ஒண்ணும் அமையலையா?" என்ற கேள்விக்குத் தெருமுக்கில் பதில் சொல்லிக்கொண்டிருப்பதில் எந்த நிம்மதியும் கிடையாது. ஒரு வருஷச் செலவுக்குப் பணம் தனியாக எடுத்து வைத்துவிட்டு வாருங்கள் என்பேன். அம்மா அப்பாவையும் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் தனியாக இருந்து பழகி, எட்டரைக்கு விளக்கணைத்துப் படுக்கிற ஆட்களாக மாறியிருப்பார்கள்.

வேலை போயிருச்சு. வீட்ல இன்னும் சொல்லல. தினமும் டிபன் பாக்ஸோட கிளம்பி, ஜங்ஷன்ல உக்காந்துட்டு சாயந்திரம் வீட்டுக்கு வாரேன்.

இன்றைக்கே சொல்லிவிடுங்கள். சொல்வதற்கு முன்னால் அரை மணி நேரம் கணக்குப் போடுங்கள். கையில் எவ்வளவு, பி.எஃப்.பில் எவ்வளவு, மாதம் கட்டாயச் செலவு எவ்வளவு, எத்தனை மாதம் ஓடும்? "வேலை போய்விட்டது" என்று மட்டும் சொன்னால் கேட்கிறவருக்குப் பயம்தான் வரும். "வேலை போய்விட்டது, ஐந்து மாதம் சமாளிக்கலாம்" என்றால் பேச ஒரு விஷயம் கிடைக்கும். முதலில் மனைவியிடம், அப்புறம் அம்மாவிடம்.

பெரும்பாலான வீட்டில் மனைவிக்கு ஏற்கெனவே தெரியும். டிபன் பாக்ஸ் திரும்பி வருகிற விதத்திலேயே கண்டுபிடித்திருப்பார். நீங்கள் சொல்வதற்காகத்தான் காத்திருக்கிறார்.

ரிட்டயர் ஆகி ஆறு மாசம் ஆச்சு. வீட்ல இருக்கவும் முடியல, வெளிய போகவும் இடமில்ல. வீட்டுக்காரிக்கும் எனக்கும் தினம் சண்டை.

தமிழ்நாடு அரசு வேலை என்றால் 2021-இல் இருந்து 60 வயது வரை ஆபீஸ் உங்களைப் பார்த்துக்கொள்கிறது. மறுநாள் காலை பத்து மணிக்கு நீங்கள் அடுக்களை வாசலில் நிற்கிறீர்கள். அந்த அம்மாவுக்கு அது முப்பது வருஷ ஆபீஸ். அங்கே புதிதாக ஒரு மேலதிகாரி வந்து, "பருப்பை இவ்வளவு நேரம் வேகவிடணுமா?" என்று கேட்டால் சண்டை வராமல் என்ன வரும்? அவருக்கு ரிட்டயர்மென்ட்டே கிடையாது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

காலை பத்தில் இருந்து ஒரு மணி வரை வீட்டில் இருக்காதீர்கள். போகிற இடத்தில் உங்களை எதிர்பார்த்து ஒரு ஆளாவது இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். லைப்ரரியில் பேப்பர் பார்ப்பதை விட, இரண்டு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது மேல். நீங்கள் வராவிட்டால் "ஏன் சார் வரல?" என்று கேட்பதற்கு அங்கே ஆள் உண்டு.

பணத்தைப் பற்றி என் பழைய தொழில் புத்தியில் ஒன்று சொல்கிறேன். வந்த பணத்தை என்ன செய்வது என்று முடிவு செய்யாமல் வைத்திருப்பது பெரிய தலைவலி. மகன், மருமகன், சீட்டுக்காரர் எல்லோருக்கும் அது தெரியும். தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2023 ஏப்ரலில் இருந்து ஒருவர் 30 லட்சம் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வட்டி. அங்கேயோ பேங்கிலோ போட்டு, மனைவி பெயரைச் சேர்த்து, நாமினி எழுதிவிடுங்கள். கேட்கிறவர்களிடம் "எல்லாம் டெபாசிட்டில் கிடக்கிறது" என்று பொய் சொல்லாமலே சொல்லலாம்.

மாமியாருக்கும் எனக்கும் ஒத்தே போகல. தனிக்குடித்தனம் போனா நிம்மதி வருமா?

சில வீட்டில் வரும். ஆனால் என்ன சண்டை என்று முதலில் பாருங்கள். ஒரு அடுப்பு, இரண்டு சமையல்காரர்கள் என்பதுதான் பாதி வீட்டுச் சண்டை. காலைச் சமையல் உனக்கு, ராத்திரி எனக்கு, மற்றவர் நேரத்தில் உப்புப் பார்க்கக்கூட உள்ளே வரக்கூடாது என்று பிரித்துக்கொண்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் நடக்கிறது. தனியாகப் போவதென்றால் அதே தெருவிலோ அடுத்த தெருவிலோ வீடு பாருங்கள். ரொம்ப தூரம் போய்விட்டால், வருகிற ஒவ்வொரு தடவையும் மூன்று நாள் சேர்ந்து இருக்க வேண்டியதாகிவிடும்.

அடி, மிரட்டல், சாப்பாடு மறுப்பது என்று இருந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே ஒத்துப்போகப் பார்ப்பதே தப்பு. பெண்களுக்கான உதவி எண் 181, எந்த நேரமும் கூப்பிடலாம்.

அம்மாவப் பாத்துக்கிடுதது என் ஒருத்தி தலையில. அண்ணன்மாரு போனோட சரி. கோவம் கோவமா வருதுக்கா, அப்புறம் அம்மா மேலயே கத்திருதேன்.

கோபம் வருவது சரிதான், போகிற இடம்தான் தப்பு. முதல் பதிலில் சொன்ன ஏற்பாட்டுக் கோளாறுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. தூரத்தில் இருக்கிறவர்கள் "எங்களால் என்ன முடியும்?" என்பார்கள். முடிகிறதை நீங்களே பட்டியல் போட்டுக் கொடுங்கள். மருந்துச் செலவு ஒருவர். கரண்ட் பில், இன்ஷூரன்ஸ், டாக்டர் அப்பாயின்ட்மென்ட் எல்லாம் போனிலேயே இன்னொருவர். வருஷத்தில் இரண்டு தடவை பத்துப் பத்து நாள் ஒரு அண்ணன் குடும்பம் இங்கே வந்து தங்க வேண்டும், அந்த நாட்களில் நீங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடாது. குறை சொல்லி நீளமாகப் பேசாமல் தேதி போட்டுக் கேளுங்கள். "எப்ப வாரீங்க?" என்பதற்கு மழுப்பலாம், "தை 5-ஆம் தேதி வர முடியுமா?" என்பதற்கு மழுப்புவது கஷ்டம்.

அவர்கள் கையை விரித்தால் 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) ஆபீஸில் அம்மா மனு கொடுக்கலாம். அந்த அளவுக்குப் போவதற்கு முன்னால் மூத்த குடிமக்கள் உதவி எண் 14567-இல் விசாரியுங்கள்.

அப்பா சொத்துல பங்கு கேட்டதுல இருந்து தம்பி பேசுதது இல்ல. விட்டுக்குடுத்திருந்தா நிம்மதியா இருந்திருப்பேனோ?

விட்டுக்கொடுத்தவர்களையும் எனக்குத் தெரியும். மனசார விட்டவர்கள் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. பயந்தோ வெட்கப்பட்டோ விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் ஒவ்வொரு நல்லது கெட்டதிலும் அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே விட்டிருந்தால் நிம்மதி என்பது உறுதி இல்லை. தமிழ்நாட்டில் 1989-இலேயே மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு வந்தது. அப்போது ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்த பெண்களுக்கு மட்டும் இல்லை. 2005 மத்திய சட்டம் அந்த வித்தியாசத்தையும் எடுத்துவிட்டது. இது இந்துக் குடும்பங்களுக்கு. சட்டம் கொடுத்ததைத்தான் கேட்டீர்கள், யாசகம் கேட்கவில்லை.

தம்பியோடு பேச நம் பக்கத்தில் ஒரு வசதி இருக்கிறது. பங்குனி உத்திரத்தன்று எந்த ஊரில் இருந்தாலும் அவரவர் சாஸ்தா கோயிலுக்கு வந்துதான் ஆக வேண்டும். யாரும் யாரையும் அழைப்பது இல்லை, ஆகவே முதலில் யார் கூப்பிட்டது என்ற கௌரவப் பிரச்சினை கிடையாது. போன தடவை ஒரு அக்கா, தம்பி பெண்டாட்டி வைத்திருந்த பொங்கல் பானைக்குப் பக்கத்திலேயே தன் கல்லையும் கூட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பானை பொங்கி வழிகிற நேரத்தில் அவள் சாமி கும்பிடப் போயிருந்தாள், இவர் கரண்டியை எடுத்துக் கிளறிவிட்டார். திரும்பி வந்தவள், "மதினி, கைய சுட்டுக்கிடாதீங்க" என்றாள். அன்றைக்கு அவ்வளவுதான். சொத்தைப் பற்றி அங்கே பேசவே கூடாது, அதற்கு வக்கீல் இருக்கிறார்.

கோயிலுக்குப் போனா நிம்மதியா இருக்கு, வீட்டுக்கு வந்ததும் போயிருது. என் பக்தியில கொறையா?

பக்தியை நான் அளக்க முடியாது. ஆனால் நெல்லையப்பர் கோயிலில் சாமி பார்த்துவிட்டுப் பிராகாரத்தில் உட்கார்ந்திருக்கிற அரை மணி நேரத்தை யோசித்துப் பாருங்கள். அங்கே யாரும் உங்களிடம் தண்ணீர் கேட்பதில்லை, போன் கேட்பதில்லை, சாவி எங்கே என்று கேட்பதில்லை. காலுக்குக் கீழே குளிர்ந்த கல். பாளையங்கோட்டை ஊசிக்கோபுரச் சர்ச்சில் உட்கார்ந்திருக்கிறவர்களும் ஆத்தங்கரைப் பள்ளிவாசலுக்குப் போய்வருகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

வீட்டிலும் அப்படி ஒரு அரை மணி நேரம் வேண்டும் என்று உங்கள் மனசு கேட்கிறது. மொட்டை மாடியோ வாசல் படியோ, ஒரு இடம், ஒரு நேரம். "அம்மா அங்கே இருந்தால் கூப்பிடக்கூடாது" என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். ஒரு வாரம் கிண்டல் செய்வார்கள், அப்புறம் பழகிவிடும்.

வெள்ளம் வந்து இவ்வளவு நாள் ஆச்சு. இன்னும் ராத்திரி மழை பெஞ்சா தூக்கம் வர மாட்டேங்குது. எழும்பி எழும்பி வாசலப் பாக்கேன்.

2023 டிசம்பர் 17, 18-ஐ ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பேர் மாட்டிக்கொண்டு கிடந்தார்கள். இருட்டில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதைப் பார்த்த உடம்பு, மழைச்சத்தம் கேட்டால் காவலுக்கு எழுந்துகொள்கிறது. உங்களுக்குக் கிறுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை.

இதிலும் ஏற்பாடு கொஞ்சம் உதவும். பத்திரம், ஆதார், ரேஷன் கார்டு, மாத்திரைச் சீட்டு எல்லாம் ஒரே பையில், பரணில். எந்த வீட்டு மாடிக்குப் போவது என்று முன்கூட்டியே அவர்களிடம் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் இதை முடித்துவிட்டால், ராத்திரி எழுந்தாலும் "பை இருக்கிறது, மாடி இருக்கிறது" என்று திரும்பப் படுக்க முடிகிறது என்கிறார்கள். அதற்கு மேலும் தூக்கம் வராவிட்டால், கீழே டாக்டர் கேள்வியைப் பாருங்கள்.

மாஞ்சோலையில பொறந்து வளந்தவ நான். கீழ வந்துட்டோம். வெக்க தாங்கல, மனசு அங்கனயே கெடக்கு. மறக்க என்ன வழி?

சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் ஒரு கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்த தேயிலை மலை அது. குத்தகை 2028 வரை இருந்தும் 2024-இலேயே எஸ்டேட்டை மூடுவதாகச் சொல்லி, விருப்ப ஓய்வு என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். நாலு தலைமுறை தேயிலை பறித்த சனங்கள் காக்காச்சியில் இருந்தும் நாலுமுக்கில் இருந்தும் ஊத்தில் இருந்தும் மூட்டை கட்டிக்கொண்டு இறங்கினார்கள். இதைக் கேட்ட அம்மா என்னிடம் பேசிக்கொண்டிருந்தபோதே, திண்ணை ஓரத்துச் செம்பருத்தியில் நுனிக்கொழுந்தை இரண்டு இலையோடு கிள்ளிக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கே அது தெரியவில்லை.

ஏற்பாட்டால் தீராதது என்று முதலில் சொன்னது இந்த வகைதான். மறக்க வழி கேட்காதீர்கள், மறக்க வேண்டிய விஷயமும் இல்லை. நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். மேலே பக்கத்து லைன் வீட்டில் இருந்தவர்கள் இப்போது எங்கே எங்கே இருக்கிறார்கள் என்று தேடிப் பிடியுங்கள். நம்மிடம் எத்தனை தடவை சொன்னாலும் ஊத்துக் குளிர் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களோடு பேசுங்கள், அழுகை வந்தால் அழுங்கள். எங்களை மாதிரிக் கீழூர் ஆட்கள் "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று சொல்ல வந்தால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

அவுக போயி ரெண்டு வருசம் ஆச்சு. கல்யாண வீட்டுக்குப் போலாமா? சிரிச்சா ஊரு என்ன சொல்லும்?

போங்கள். முன்வரிசையில் உட்காருங்கள். ஊர் இரண்டு நாள் பேசும், மூன்றாம் நாள் அதற்கு வேறு ஆள் கிடைத்துவிடும். ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்தில் முழுகி அவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்கிறீர்கள், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறீர்கள். நீங்கள் சிரித்தால் அவருக்கு எதுவும் குறைந்துவிடாது. தாம்பூலத் தட்டை உங்கள் கைக்கு முன்னால் சட்டென்று திருப்பிக்கொண்டு போகிறவள் வீட்டுக் கல்யாணத்துக்கு மட்டும் போகாதீர்கள். அது அவளுக்குத் தண்டனை.

இதுக்கெல்லாம் டாக்டர்ட்ட போணுமா? பைத்தியம்னு சொல்ல மாட்டாங்களா?

முதல் பதிலில் சொன்ன தூக்கம், சாப்பாடு, எரிச்சல் மூன்றும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டுக் கிடந்தால் போக வேண்டும். முதலில் பொது டாக்டரிடமே போங்கள். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, பி12 குறைவு இவை எல்லாமே மனசுச் சோர்வு மாதிரியே வந்து நிற்கும். ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அதில் ஒன்றும் இல்லை என்றால் மனநல டாக்டர். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. மாத்திரை கொடுத்தால், கொஞ்சம் தெளிந்ததும் நீங்களாக நிறுத்தக்கூடாது. குறைப்பதையும் டாக்டரே சொல்ல வேண்டும்.

நேரில் போகத் தயக்கம் என்றால் 14416. மத்திய அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள். செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள். அன்றைக்கே அந்த எண்ணைக் கூப்பிடுங்கள், வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். ஊர் என்ன சொல்லும் என்பதற்கு முந்தின கேள்வியிலேயே பதில் சொல்லிவிட்டேன்.

எல்லாம் சரியாத்தான் இருக்கு. கடன் இல்ல, சீக்கு இல்ல, பிள்ளைங்க நல்லாருக்கு. ஆனாலும் என்னமோ ஒரு வெறுமை. இது திமிராக்கா?

திமிர் இல்லை. ரத்தப் பரிசோதனை முடிந்து அதிலும் ஒன்றும் இல்லை என்றால், எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். இருபது முப்பது வருஷம் ஓடி ஓடிச் செய்த ஏற்பாடு எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. மகள் கல்யாணம் ஆயிற்று, மகன் அமெரிக்காவில். இனி உங்களை நம்பி எதுவும் இல்லை. ரிட்டயர் ஆனவருக்குச் சொன்ன பதில்தான் உங்களுக்கும். உங்களை எதிர்பார்த்து ஒரு ஆள் எங்கேயாவது இருக்கும்படி செய்துகொள்ளுங்கள். அமெரிக்காவுக்கு வீடியோ கால் போடுவது அந்தக் கணக்கில் சேராது.

அதுவும் எடுபடாத சிலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வாழ்க்கையில் செய்ய நினைத்து விட்டுப்போன ஏதோ ஒன்று இருந்தது. ஒருவருக்கு வயலின், ஒருவருக்குப் பாதியில் விட்ட பி.ஏ. இந்த வயதில் அதைத் தொட்டால் சிரிப்பார்கள்தான். சிரிக்கட்டுமே.

கைமாத்து வாங்கிட்டு எனக்குத் துரோகம் பண்ணுனவர மன்னிச்சாத்தான் நிம்மதி வரும்னு சொல்லுதாங்க. என்னால முடியல. அப்ப எனக்கு நிம்மதியே கெடையாதா?

யார் சொல்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் அந்தத் துரோகத்தில் ஒரு ரூபாய்கூட இழக்காதவர்கள்தான் இதைச் சொல்வார்கள். மன்னிக்காமலேயே நன்றாகத் தூங்குகிறவர்கள் உண்டு. அந்த ஆளை எங்கே பார்க்க நேரும், பார்த்தால் என்ன பேசுவது, எதைப் பேசக்கூடாது என்பதை முன்னாலேயே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். கல்யாண வீட்டில் எதிரே வந்தால் "சௌக்கியமா?" போதும், பதிலுக்கு நிற்க வேண்டியதில்லை.

நீங்கள் சொன்னது கைமாற்று விஷயம். அதில் மன்னிப்பு வேறு, பணம் வேறு. மன்னிப்பதற்குக் கெடு எதுவும் இல்லை. வந்தால் வரட்டும், வராமலும் போகட்டும். கடனுக்கு எழுதி வாங்கின புரோநோட்டுக்குக் கெடு உண்டு. எழுதிய தேதியில் இருந்து மூன்று வருஷம், இடையில் வட்டி கட்டிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தத் தேதியில் இருந்து மூன்று வருஷம். உங்கள் நோட்டு எப்போது எழுதியது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பணம் வேண்டாம் என்று முடிவு செய்தால் நோட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வேண்டும் என்றால் கெடு தாண்டுவதற்குள் வக்கீலைப் பாருங்கள்.